வராந்தாவில் உட்கார்ந்திருந்த அப்பா: காங்கோ, 1904

உலகத்துப் புகைப்படங்களை எடுத்து வெச்சுப் பேசுற நம்ம தொடர்ல இன்னைக்கு ஒரே ஒரு படம்தான். முதல்லயே சொல்லிடறேன், இது கனமான எபிசோட். ஒரு குழந்தை கொல்லப்பட்டதைப் பத்திப் பேசப்போறோம். பக்கத்துல சின்னப் பசங்க இருந்தா ஹெட்போன் மாட்டிக்கோங்க, இல்லன்னா அப்புறமா கேளுங்க.

இந்தப் படத்தை நீங்க ஏற்கெனவே பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். கறுப்பு வெள்ளைப் படம். வீட்டு வராந்தாவின் ஓரத்தில் ஓர் ஆப்பிரிக்க ஆண் உட்கார்ந்திருக்கிறார். இடுப்பில் ஒரு துணி. கேமராவைப் பார்க்கவில்லை, பக்கவாட்டில் தரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் முன்னால் இரண்டு சின்னப் பொருள்கள் கிடக்கின்றன. முதல் பார்வையில் என்னவென்றே தெரியாது. உற்றுப் பார்த்தால் புரியும்: ஒரு குழந்தையின் கை, ஒரு குழந்தையின் பாதம்.

சோஷியல் மீடியாவில் இந்தப் படம் அடிக்கடி சுத்தி வரும். ரப்பர் கோட்டாவைக் கொடுக்காததற்குத் தண்டனையாக மகளின் கையையும் காலையும் வெட்டிவிட்டார்கள், அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்கிற ரீதியில் ஒரு வரி கூடவே வரும். நாமும் ஒரு நிமிஷம் உறைஞ்சு போவோம், ஒரு அழுகை எமோஜி போடுவோம், அடுத்த ரீலுக்குப் போயிடுவோம். அந்த வரி முழுப் பொய் இல்லை. ஆனா அதுல ஒரு பெரிய விஷயம் விட்டுப்போகுது. இவ்வளவு கொடுமை நடந்த பிறகு அந்த மனிதர் எதுக்காக அந்த வராந்தாவுக்கு வந்தார்? இந்தக் கேள்வியைத்தான் இன்னைக்குப் பிடிச்சுட்டுப் போகப்போறோம்.

ராஜாவுக்குச் சொந்தமான நாடு

1884 நவம்பரில் தொடங்கி 1885 பிப்ரவரி வரை பெர்லினில் ஒரு மாநாடு நடந்தது. ஆப்பிரிக்காவில் யார் எப்படி இடம் பிடிப்பது என்று ஐரோப்பிய நாடுகள் உட்கார்ந்து பேசின. ஆப்பிரிக்கர் ஒருவர்கூட அந்த மேஜையில் இல்லை. அந்தக் காலகட்டத்தில்தான் காங்கோ நதிப் படுகை பெல்ஜியம் ராஜா இரண்டாம் லியோபோல்டின் கைக்குப் போனது. பெல்ஜியம் நாட்டின் கைக்கு இல்லைங்க, ராஜா என்ற தனிமனிதரின் கைக்கு. பெயர் 'காங்கோ சுதந்திர நாடு'. பரப்பளவில் பெல்ஜியத்தைப் போல 70 மடங்குக்கு மேல். நம்ம கணக்குல சொன்னா தமிழ்நாடு மாதிரி கிட்டத்தட்ட 18 சேர்ந்தது. அவ்வளவு பெரிய இடத்தின் உரிமையாளர் சாகும்வரை ஒருமுறைகூட அங்கே போனதில்லை.

ஆரம்பத்தில் தந்தம்தான் வருமானம். பிறகு நிலைமை மாறியது. 1888-இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். சைக்கிள் மோகம், அதைத் தொடர்ந்து கார், கூடவே மின்கம்பிகளுக்கு மேல் உறை என்று உலகம் முழுக்க ரப்பருக்கு ஒரே கிராக்கி. காங்கோ காடுகளில் ரப்பர் கொடிகள் தானாக வளர்ந்து கிடந்தன. நட வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆள் மட்டும் இருந்தால் போதும்.

இங்க ஒரு அவசரமும் இருந்தது. ஆசியாவில் ஆங்கிலேயர்கள் ரப்பர் மரங்களை நட ஆரம்பித்திருந்தார்கள். 1876-இல் பிரேசிலிலிருந்து விதைகள் லண்டனுக்குப் போய், அங்கிருந்து இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் கன்றுகளாக வந்தன. மரம் பால் கொடுக்கும் நிலைக்கு வளர்வதற்குப் பல வருடங்கள் ஆகும். தோட்டங்கள் பால் கொடுக்க ஆரம்பித்துவிட்டால் ரப்பர் விலை விழும் என்று லியோபோல்டுக்குத் தெரியும். அதற்குள் காட்டிலிருந்து முடிந்த மட்டும் உறிஞ்சிவிட வேண்டும். பிறகு மலாயாவில் அந்தத் தோட்டங்கள் பெருகியபோது அங்கே பால் வெட்டக் கப்பலேற்றப்பட்டவர்களில் பெரும்பகுதி நம்ம ஆட்கள், சென்னை மாகாணத்துத் தமிழர்கள். ஒரே பொருளுக்கான பசிதான் காங்கோவில் ஒரு மாதிரியும் கங்காணி முறையில் வேறு மாதிரியும் மனிதர்களைத் தின்றது.

தோட்டாவுக்குக் கணக்கு

காட்டை லியோபோல்ட் கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். அதில் ஒன்றின் பெயர் அபீர், விரித்தால் ஆங்கிலோ-பெல்ஜியன் இந்தியா ரப்பர் கம்பெனி. பெயரைக் கேட்டு இந்தியாவுக்கும் இதற்கும் சம்பந்தம் என்று நினைத்துவிடாதீங்க. அப்போது ரப்பரின் பெயரே 'இந்தியா ரப்பர்'தான்.

அபீர் பகுதியில் ஓர் ஆண் இரண்டு வாரத்துக்கு 3 முதல் 4 கிலோ காய்ந்த ரப்பர் கொண்டுவர வேண்டும். கேட்க சின்னதா இருக்கும். கிட்டத்தில் இருந்த கொடிகள் தீர்ந்ததும் காட்டுக்குள் நாள் கணக்கில் நடக்க வேண்டும், மரத்தில் ஏறிக் கொடியைக் கீறிப் பாலைப் பிடிக்க வேண்டும். பாலைத் தங்கள் உடம்பிலேயே பூசிக் காயவைத்து, ரோமத்தோடு சேர்த்துப் பிய்த்து எடுத்தவர்கள் பலர். போகமாட்டேன் என்று சொல்ல வழியில்லை. ரப்பர் வந்து சேரும்வரை கிராமத்துப் பெண்களைப் பிணையாகப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். நீர்யானைத் தோலில் செய்த சாட்டையால் அடிப்பார்கள்.

ராஜாவின் படைக்கு ஃபோர்ஸ் பப்ளிக் என்று பெயர். அதில் அதிகாரிகள் வெள்ளையர்கள், சிப்பாய்கள் ஆப்பிரிக்கர்கள். கொடுத்த தோட்டாக்களைச் சிப்பாய்கள் வேட்டையில் வீணாக்குகிறார்களோ, கலகத்துக்கு ஒளித்து வைக்கிறார்களோ என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம். அதனால் சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் செத்தவரின் வலது கையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று ஒரு நடைமுறை வந்தது.

நான் ஐடி-ல வேலை பார்க்குறவன். ஒரு மெட்ரிக் வெச்சீங்கன்னா, ஜனங்க வேலையை விட்டுட்டு மெட்ரிக்கைத்தான் நிறைவேத்துவாங்கன்னு எங்களுக்கு நல்லாத் தெரியும். அங்கே நடந்தது அதன் மிகக் கொடூரமான வடிவம். வேட்டையில் தோட்டா செலவாகிவிட்டதா? உயிரோடு இருப்பவரின் கையை வெட்டிக் கணக்கைச் சரிக்கட்டு. இறந்த மாதிரி அசையாமல் கிடந்து, கை வெட்டப்பட்டும் உயிர் பிழைத்தவர்களின் சாட்சியங்கள் பதிவாகியிருக்கின்றன.

ஒரு கிளார்க், ஒரு தூதர்

இது வெளியே தெரிந்த விதம் சுவாரசியமானது. லிவர்பூலில் எல்டர் டெம்ப்ஸ்டர் என்ற கப்பல் கம்பெனியில் இ.டி. மோரெல் என்று ஒரு இளம் கிளார்க். பெல்ஜியத்தோடு தொடர்பான வேலை அவருடையது. ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் காங்கோ கப்பல்கள் ரப்பரும் தந்தமுமாக நிரம்பி வருவதைப் பார்க்கிறார். திரும்பிப் போகும்போது என்ன ஏற்றுகிறார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் துப்பாக்கி, தோட்டா, சிப்பாய்கள். வியாபாரம் என்றால் வாங்கும் சரக்குக்கு ஈடாக ஏதாவது போக வேண்டுமே? அப்படி எதுவும் போகவில்லை. அப்படியென்றால் அந்த ஜனங்களுக்குக் கூலியே கொடுக்கவில்லை, அது அடிமை வேலை. காங்கோவில் காலடி வைக்காமல், வெறும் கணக்கைப் பார்த்தே அவர் இந்த முடிவுக்கு வந்தார். வேலையை விட்டுவிட்டுப் பத்திரிகையாளர் ஆனார்.

அடுத்தவர் ரோஜர் கேஸ்மென்ட், காங்கோவில் இருந்த பிரிட்டிஷ் தூதர். 1903-இல் உள்நாட்டுக்குள் பயணம் போய் மக்களிடம் நேரில் கேட்டு எழுதினார். 1904 தொடக்கத்தில் அறிக்கை வெளியானது. அதே வருடம் மார்ச்சில் காங்கோ சீர்திருத்தச் சங்கம் தொடங்கியது.

ஆனால் அந்த அறிக்கையை வெளியிட்டபோது பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகம் சாட்சிகளின் பெயர்களையும் இடங்களின் பெயர்களையும் எடுத்துவிட்டு வெறும் எழுத்துக் குறிகளைப் போட்டுவிட்டது. கேஸ்மென்டுக்குப் பயங்கரக் கோபம். பெயர் இல்லாத சாட்சியை யார் வேண்டுமானாலும் கட்டுக்கதை என்று சொல்லிவிடலாம் இல்லையா?

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. பத்திரிகைகளை விலைக்கு வாங்கி, பிரசாரத்துக்கென்றே ஆள் வைத்திருந்தார் லியோபோல்ட். அறிக்கையில் எபோண்டோ என்ற சிறுவன் வருகிறான். தன் கையை வெட்டியது ஒரு காவலாள்தான் என்று கேஸ்மென்டிடம் சொல்லியிருந்தான். பிறகு அதிகாரிகள் விசாரித்தபோது அவன் பேச்சு மாறியது. கையைக் கடித்தது காட்டுப்பன்றி என்று ஆகிவிட்டது. ராஜாவின் ஆட்கள் அந்த ஒரு பன்றியைப் பிடித்துக்கொண்டார்கள், மொத்த அறிக்கையும் பொய் என்றார்கள். 120 வருஷத்துக்கு முந்தைய 'ஃபேக் நியூஸ்' சண்டை இது.

14 மே 1904

இந்தச் சூழ்நிலையில்தான் நம்ம படம் வருது.

ஆலிஸ் சீலி ஹாரிஸ், அப்போது அவருக்கு 33 வயது. கணவர் ஜான் ஹாரிஸோடு 1898-இல் மிஷனரியாகக் காங்கோவுக்கு வந்தவர். அபீர் கம்பெனியின் எல்லைக்குள் பாரிங்கா என்ற ஊரில் அவர்களுடைய மிஷன் இருந்தது. ஆலிஸிடம் ஒரு கேமரா இருந்தது.

1904 மே 14 அன்று மிஷனுக்குச் சிலர் வருகிறார்கள். ஒருவர் கையில் இலையில் சுற்றிய சிறிய பொதி. அவர் பெயர் என்சாலா, ஊர் வாலா. போதுமான ரப்பர் வரவில்லை என்று அபீர் கம்பெனியின் காவலாட்கள் அவர் கிராமத்தைத் தாக்கியிருக்கிறார்கள். அவர் மனைவியைக் கொன்றிருக்கிறார்கள். மகளையும் கொன்றிருக்கிறார்கள். மகளின் பெயர் போவாலி, 5 வயது. மிச்சமாகக் கிடைத்ததைத்தான் அவர் இலையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

ஆலிஸ் அவரை வராந்தாவில் உட்காரச் சொல்கிறார். கையையும் பாதத்தையும் முன்னால் வைக்கச் சொல்கிறார். ஷட்டரை அழுத்துகிறார்.

இந்த இடத்துல நீங்க கேட்பீங்க, அப்போ இது போஸ் கொடுத்த படமா? ஆமா. யார் எங்கே உட்கார வேண்டும் என்று ஆலிஸ்தான் முடிவு செய்தார். இதே காலத்தில் மிஷனரிகள் எடுத்த மற்ற படங்களிலும், கை இழந்த சிறுவர்களின் உடம்பில் வெள்ளைத் துணியைப் போர்த்தி, அதன் மேல் வெட்டுப்பட்ட கை தெளிவாகத் தெரியும்படி நிற்கவைத்திருப்பார்கள். இதைக் கேட்டதும் நமக்குக் கொஞ்சம் சங்கடமா இருக்கும். ஆனா கோர்ட்ல ஒரு சாட்சிப் பொருளை எல்லோருக்கும் தெரியுற மாதிரி மேஜை மேல வைக்கிறதும் ஒரு வகை ஏற்பாடுதானே. நடக்காததை நடந்ததாகக் காட்டினால் அது மோசடி. நடந்ததைத் தெளிவாகத் தெரியும்படி வைப்பது வேறு.

என்சாலா பக்கத்தில் இருந்து பாருங்க. மனைவியும் மகளும் கொல்லப்பட்ட ஒருவர், அந்தப் பொதியைக் கையில் எடுத்துக்கொண்டு, கம்பெனி ஆட்கள் சுத்திக்கொண்டிருக்கிற பகுதியைக் கடந்து வருகிறார். போலீஸ் இல்லை, நீதிமன்றம் இல்லை, அரசாங்கமே குற்றவாளி. யாராவது ஒருவர் இதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அதைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர்தான். படத்தில் நாம் பாதிக்கப்பட்ட ஒருவரைப் பார்க்கிறோம். அந்த வராந்தாவுக்கு அவர் வந்தது புகார் கொடுக்க. சாட்சிப் பொருளைக் கொண்டுவந்தவரும் அவர், சாட்சியும் அவர். கேமரா அதற்குப் பிறகு வந்ததுதான். வைரலாகிற அந்த ஒற்றை வரியில் விட்டுப்போவது இதுதான்.

துணித் திரையில் வெளிச்சம்

படம் இங்கிலாந்து போனது. மோரெல் தன் புத்தகத்தில் அச்சிட்டார். மார்க் ட்வைன் 1905-இல் லியோபோல்ட் தானே புலம்புகிற மாதிரி ஒரு கிண்டல் பிரசுரம் எழுதினார். அதில் ராஜாவுக்குப் பெரிய எரிச்சலே கோடாக் கேமராமேல்தான். பத்திரிகைகளையும் ஆட்களையும் சரிக்கட்டத் தெரிந்தவருக்கு அந்தச் சின்னப் பெட்டியை மட்டும் வழிக்குக் கொண்டுவரத் தெரியவில்லை.

அதைவிடப் பெரிய தாக்கம் மேஜிக் லாந்தர் கூட்டங்களில் நடந்தது. கண்ணாடி ஸ்லைடில் படத்தை ஏற்றி, விளக்கு வைத்துத் திரையில் விழவைக்கும் கருவி அது, இன்றைய புரொஜெக்டரின் பாட்டி. ஹாரிஸ் தம்பதி இங்கிலாந்து முழுக்க நூற்றுக்கணக்கான கூட்டங்களில் பேசினார்கள், அமெரிக்காவுக்கும் போனார்கள். இருட்டான தேவாலய அறை, திரையில் ஆள் உயரத்துக்கு என்சாலா, பக்கத்தில் அந்தப் படத்தை எடுத்த பெண்ணே நின்று, அவர் பெயர் இது, மகள் பெயர் இது, ஊர் இது, தேதி இது என்று சொல்கிறார். கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் எதிரிலேயே இருக்கிறார். காட்டுப்பன்றிக் கதை இங்கே எடுபடவில்லை.

நெருக்கடி தாங்காமல் லியோபோல்டே ஒரு விசாரணைக் குழுவை அனுப்ப வேண்டி வந்தது. தனக்குச் சாதகமாக எழுதுவார்கள் என்ற நம்பிக்கை. குழு பாரிங்காவுக்கும் வந்தது. அங்கே நடந்த ஒரு காட்சியைச் சொல்லியே ஆகணும். லொண்டூலு என்ற தலைவர் 110 குச்சிகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ரப்பருக்காகக் கொல்லப்பட்ட தன் ஜனங்களில் ஆளுக்கு ஒரு குச்சி. பெரிய மனிதர்கள், ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என்று நான்கு குவியல்களாகப் பிரித்தார். ஒவ்வொரு குச்சியாக எடுத்து ஒவ்வொரு பெயராகச் சொன்னார். கேமரா இல்லை, பேப்பர் இல்லை, ஆனா ஒரு பெயர்கூட விட்டுப்போகக் கூடாது என்று ஒரு ஆள் கட்டிய டேட்டாபேஸ் அது.

ராஜாவின் சொந்தக் குழுவே 1905-இல் குற்றச்சாட்டுகளை உறுதி செய்தது. சாட்சிகள் சொன்ன வாக்குமூலங்கள் மட்டும் பிரசல்ஸ் ஆவணக் காப்பகத்தில் பல பத்தாண்டுகள் பூட்டியே கிடந்தன.

அப்புறம் என்ன ஆச்சு?

1908 நவம்பரில் லியோபோல்ட் காங்கோவைப் பெல்ஜியம் அரசிடம் ஒப்படைத்தார். சும்மா இல்லை, விலைக்கு. அதற்கு முன்பு, அந்த ஆகஸ்டில், காங்கோ நிர்வாகத்தின் ஆவணங்களை 8 நாட்கள் தொடர்ந்து எரித்தார்கள். காகிதம் சாம்பலாச்சு. ஆனால் வராந்தாப் படம் அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானவர்களின் கண்ணில் பதிந்துவிட்டது. அதை எரிக்க முடியவில்லை.

இதோட கதை சுபம்னு முடிக்க முடியாது. பெல்ஜியம் ஆட்சியிலும் கட்டாய வேலை வேறு வடிவங்களில் தொடர்ந்தது. காங்கோவுக்கு விடுதலை கிடைத்தது 1960-இல். லியோபோல்ட் காலத்தில் எத்தனை பேர் செத்தார்கள் என்ற எண்ணில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் மோதிக்கொள்கிறார்கள். கொலை, பட்டினி, நோய் மூன்றும் சேர்ந்து லட்சக்கணக்கில் போனார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. 2020 ஜூன் 30 அன்று பெல்ஜியம் ராஜா ஃபிலிப் காங்கோ ஜனாதிபதிக்கு எழுதிய கடிதத்தில் வருத்தம் தெரிவித்தார். மன்னிப்பு என்று அதில் சொல்லவில்லை.

கூட்டங்கள் நடத்தியவர்களையும் ஒரு கேள்வி கேட்கணும். மேடையில் பேசியவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். லியோபோல்டின் காலனி மோசம், நம்முடையது நல்லது என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போன ஆங்கிலேயர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். அதே ஆங்கிலேயர் ஆட்சியில் 1876–78 பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்தில் வில்லபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி படங்கள் எடுத்தார். எலும்பும் தோலுமான மனிதர்களை வரிசையாக உட்காரவைத்து எடுத்தவை. இன்னைக்கும் இணையத்தில் கிடைக்கும், நம்மில் பலர் பார்த்திருப்போம். அதில் இருப்பவர்கள் நம்ம முன்னோர்களா இருக்கலாம். ஆனால் அந்தப் படங்களில் நாம் பார்ப்பது முகங்களை மட்டும்தான், கூட ஒரு பெயர் வருவதில்லை. பெயரும் ஊரும் இல்லாததால் அவர்கள் எல்லோரும் சேர்ந்து 'பஞ்சம்' என்ற ஒரே வார்த்தையாகிவிட்டார்கள். போவாலிக்கு ஒரு பெயர் மிஞ்சியதென்றால், அவளுடைய அப்பா அதைச் சொன்னார், கேட்டவர் அதை எழுதிவைத்தார்.

அதனால் அடுத்த தடவை இப்படி ஒரு படம் உங்க டைம்லைன்ல வந்தா, பகிரலாமா கூடாதான்னு நான் சொல்லப்போறதில்லை. பகிர்ந்தா அதோட சேர்த்து நாலு விஷயத்தையும் அனுப்புங்க: யார், எந்த ஊர், எப்போ, யார் எடுத்தது. அஞ்சு நிமிஷம் தேடினா பல படங்களுக்குக் கிடைச்சுடும். கிடைக்கலைன்னா, தெரியலைன்னே எழுதுங்க. இப்போ யாரு வேணும்னாலும் ஒரு வரியை டைப் பண்ணி, எந்தக் கேமராவும் பார்க்காத ஒரு படத்தை உருவாக்கிடலாம். காட்டுப்பன்றிக் கதை சொல்ல இன்னைக்கு ஆள் கூட வைக்கத் தேவையில்லை. 'இதுவும் ஏஐ-ப்பா'ன்னு ஒரு கமென்ட் போட்டா முடிஞ்சுது. அப்போ ஒரு உண்மையான படத்தைக் காப்பாத்தப்போறது அந்த நாலு விவரமும்தான்.

இந்தப் படத்துக்கு அந்த நாலும் இருக்கு. வாலா ஊர் என்சாலா, மகள் போவாலிக்கு வயசு 5. பாரிங்கா, காங்கோ. 14 மே 1904. எடுத்தவர் ஆலிஸ் சீலி ஹாரிஸ்.

அடுத்த எபிசோடுக்கு எந்தப் படத்தை எடுக்கலாம்னு நீங்களே எழுதி அனுப்புங்க. படத்தோட விவரத்தையும் சேர்த்து அனுப்பினா எனக்குப் பாதி வேலை மிச்சம்.